இரும்பு வளையம் போட்டவர்

ஒரு துணியைக் கையில் வாங்கினால் அவர் முதலில் உள்பக்கத்தைத் திருப்புவார். வெளிப்பக்கம் கடைசியில்தான். சில நேரம் அதைப் பார்க்கவே மாட்டார்.

நான் நியூயார்க்குக்குப் பக்கத்தில் பார்சிப்பனி என்கிற ஊரில் ஒரு டிரை கிளீன் கடையில் ஆல்டரேஷன் வேலை பார்த்தேன். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கல்யாண கவுனுக்கு இடுப்பு பிடிப்பது. மேலப்பாளையத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்று ஊசி பிடித்தவன். அக்கா விசாவுக்குப் பேப்பர் போட்டு, பல வருஷம் காத்துக் கிடந்து, இந்த நாட்டுக்கு வந்தேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. அவர் பேரை எழுதப் போவதும் இல்லை. எழுதினால் அவருக்கு ஒன்றும் இல்லை. அவர் மகளுக்குப் பிடிக்காது.

நியூயார்க்கில் அந்த ரெண்டு கட்டடம் விழுந்ததற்கு அடுத்த வருஷம் அவர் கடைக்கு வந்தார். ஒல்லி. நல்ல கறுப்பு. கையில் சாம்பல் நிறத்தில் முரட்டுக் கம்பளித் துணி.

"பாய், தமிழா?"

"ஆமா சார்."

"கையால தைப்பீங்களா? மெஷின் படவே கூடாது. உள்தையல்கூட."

"தைக்கலாம். என்ன உடுப்பு?"

"வைக்கிங் சட்டை."

எனக்குப் புரியவில்லை. நின்றபடியே சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கே இருந்து கப்பலில் போய்க் கொள்ளையடித்த கூட்டம். அவர்கள் அயர்லாந்துக் கரையில் ஒரு ஊர் கட்டினார்கள். அந்த ஊர் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இங்கே ஒரு பார்க்கில் கூடாரம் போட்டு, அதே உடுப்பு போட்டு, அதே சோறு பொங்கி, பார்க்க வருகிறவர்களுக்கு வாழ்ந்து காட்டுகிறார்கள். சனி ஞாயிறு வேலை. சம்பளம் கிடையாது.

பெரிய மனுஷர்கள் விளையாட்டு என்று நினைத்தேன். தைத்துக் கொடுத்தேன்.

மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"பாய், இது மெஷின்."

"கை சார்."

"இவ்வளவு சீரா வராதே."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷக் கை. அவர் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். தையலைத் திருப்பிப் போட்டு, ஒரு இஞ்சில் எத்தனை என்று எண்ணினார். கவுண்டரில் ரெண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் நகரவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "கைதான். தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்களிடமும் திரும்பி அதையே ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

அவர் அப்படித்தான். சந்தேகத்தையும் சத்தமாகச் சொல்வார். மன்னிப்பையும் சத்தமாகக் கேட்பார்.

அவருடைய வேலையும் சோதிக்கிற வேலைதான். கம்ப்யூட்டரில் மற்றவர்கள் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒருநாள் மேலதிகாரி, எல்லாம் சரி என்று எழுதிக் கொடு என்றாராம். நாலு சோதனை பாக்கி. இவர், "நாலு பாக்கி" என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள்குறைப்பில் முதல் பேர் இவருடையது.

"அந்த நாலும் அப்புறம் சரியாத்தான் ஓடுச்சாம் பாய்" என்றார். "ஆனா நான் எழுதினப்ப ஓடலை. ஓடலைன்னுதானே எழுதணும்?"

வேலை இல்லாமல் இருந்த அந்த மாதங்களில்தான் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போயிருக்கிறார். வைக்கிங் கூடாரம். அங்கே ஒரு அம்மா இரும்புச் சட்டியில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தது. இவர் எட்டிப் பார்த்து, "உருளைக்கிழங்கு இருக்கே. அந்தக் காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு கிடையாதே" என்றாராம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பிளம்பர். சிவப்புத் தாடி, கதவு அகலம். அவர் விழுந்து விழுந்து சிரித்து, அந்தச் சட்டியை அப்படியே கவிழ்க்கச் சொல்லி, இவரை அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். ஒரு வருஷத்துக்குள் இவர்தான் அங்கே சோதிக்கிற ஆள். கூடாரத்துக்குள் எது வந்தாலும் இவர் கை படாமல் போகாது. ஷூவில் ரப்பர் இருக்கிறதா, கத்தியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா, சட்டை ஓரத்தில் மெஷின் ஓடியிருக்கிறதா. அவர்கள் விதி ஒன்றுதான். மண்ணில் தோண்டி எடுத்திருக்க வேண்டும், இல்லை பழைய ஏட்டில் எழுதியிருக்க வேண்டும். ரெண்டும் இல்லை என்றால் அது கூடாரத்துக்கு வெளியே.

அவர் வீட்டம்மா சொல்லிச் சிரிக்கும். திருச்சிப் பக்கம். வாய் நிறையப் பேசும்.

"மிளகாயும் தக்காளியும் நம்ம ஊர்ல அந்தக் காலத்துல கிடையாதாம் பாய். நல்ல வேளை, இவர் சோழர் காலத்து ஆளா வேஷம் கட்டலை. கட்டியிருந்தா வீட்ல ரசம் கிடையாது."

அவரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, "மிளகு ரசம் இருந்திருக்கலாம். பாக்கணும்" என்பார்.

இன்னொன்று சொல்லணும். அந்த நாட்களில் எங்கள் முஸ்லிம் ஆட்களைப் பற்றி அரசாங்கத்திலிருந்து விசாரிக்க வருவார்கள். கோட் போட்ட ரெண்டு பேர் எங்கள் பள்ளிவாசல் பக்கம் எல்லாரையும் விசாரித்தார்கள். ஒருநாள் கடைக்கு வந்தார்கள். அந்த நேரம் இவர் கவுண்டரில் நின்றார். என்னைத் தெரியுமா என்று இவரிடம் கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும், தங்கமான மனுஷன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

இவர் யோசித்தார். "ஒரு வருஷமாகத் தெரியும். தையல் சுத்தமாக இருக்கும். சொன்ன தேதிக்குக் கொடுப்பார். மற்றது எனக்குத் தெரியாது" என்றார்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும் இவரிடம் கேட்டேன்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன பாய் எனக்குத் தெரியும்? உங்க வீட்டுக்குக்கூட நான் வந்ததில்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். கேட்காமல் வந்தார். என் பிள்ளைகள் பேர், படிப்பு, நான் தொழுகைக்குப் போகிற நேரம், எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிரியாணி சாப்பிட்டார். போகும்போது, "இனிமே யாராவது கேட்டா நிறைய சொல்லலாம்" என்றார். என் மனைவி, இந்த ஆள் கிறுக்கா என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரும் கேட்க வரவில்லை.

மூன்றாவது சட்டை தைக்கும்போதுதான் நான் கேட்டேன்.

"சார், உங்க கூட்டத்துல மத்தவங்க சிவப்பு, நீலம்னு போட்டிருக்காங்க. ஜரிகை மாதிரி பட்டி வச்சிருக்காங்க. உங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சாக்குத் துணி?"

"நான் அடிமை பாய்."

ஊசியை நிறுத்தினேன்.

அங்கே ஒவ்வொருவரும் தான் யார் என்று சொல்ல வேண்டும். கொல்லன், கப்பல்காரன், ரொட்டி சுடுகிறவள். சொன்னால் ஆதாரம் காட்ட வேண்டும். இவர் தோல் கறுப்பு. அந்த ஊரில், அந்தக் காலத்தில் கறுத்த மனுஷன் எப்படி வந்தான்? இவர் ஆறு மாதம் தேடியிருக்கிறார். கிடைத்தது ஒன்றே ஒன்று. தெற்கே ஏதோ கரையில் கொள்ளையடித்து, கறுத்த மனிதர்களைக் கப்பலில் பிடித்துவந்தார்கள் என்று ஒரு பழைய ஏட்டில் சில வரி. அடிமைக் கழுத்தில் பூட்டுகிற இரும்பு வளையம் மண்ணுக்குள் இருந்து கிடைத்திருக்கிறது. எழுத்தும் இருக்கிறது, மண்ணும் இருக்கிறது. அத்தோடு அவருக்கு முடிந்தது. கூட்டத்தில் இருந்த கொல்லனிடம் சொல்லி, அளவு மாறாமல் அதே மாதிரி வளையம் அடித்து மாட்டிக்கொண்டார். தண்ணீர் சுமப்பார். விறகு வெட்டுவார். அங்கே கட்டியிருந்த ரெண்டு பன்றிக்குத் தீனி வைப்பார்.

"வியாபாரின்னு சொல்லக் கூடாதா சார்? நம்ம பக்கத்து ஆளுங்க கப்பல்ல போயிருப்பாங்களே."

"சரக்கு போயிருக்கு. பட்டு, பாசிமணி. கைமாறிக் கைமாறிப் போயிருக்கு. ஆள் போனதுக்கு எழுத்து இல்ல."

"எங்கயுமே இல்லையா?"

"வேற ஊருக்கு அரபுக்காரன் ஒருத்தன் போயிருக்கான். எழுதி வச்சிருக்கான். ஆனா அது வேற ஊர் பாய்."

அந்தச் சிவப்புத் தாடிக்காரரே கெஞ்சியிருக்கிறார். அவர் ஒருமுறை கடைக்கு வந்து என்னிடம், "உன் நண்பனிடம் சொல்லு, வளையத்தைக் கழற்றச் சொல்லு" என்றார். பார்க்க வருகிறவர்கள் முகம் மாறுகிறதாம். ஒரு கறுப்பர் குடும்பம் இவரைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிட்டதாம். "விதி எழுதினது நான்தான். அதனால் என்னால் அவனிடம் எதுவும் சொல்ல முடியவில்லை" என்றார் பிளம்பர்.

நான் இவரிடம் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்து பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

"அந்த ஊரே ஆள் வித்துப் பொழைச்ச ஊர் பாய். சந்தையில நிறுத்தி வித்தாங்க. இவங்க தேனும் ரொட்டியும் காட்டுறாங்க. எல்லாருக்கும் ராஜா மாதிரி உடுப்பு. அப்ப தண்ணி யார் தூக்கினா? அந்தக் குடும்பம் முகம் திருப்பிட்டுப் போச்சுல்ல, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணும்தான். ஆனா கழட்டினா அது பொய்."

நான் அடுத்த துணியை எடுத்தேன்.

மகள் பேர் காவ்யா என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயது. தமிழ் புரியும். ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். அப்பா வைக்கிங் என்று பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாளாகப் பெருமை அடித்திருக்கிறது. எந்த மாதிரி வைக்கிங் என்று சொல்லவில்லை. அந்த வசந்தத்தில், பள்ளிகளுக்காகத் தனியாகக் கூடாரம் போடுகிற ஒரு வெள்ளிக்கிழமை, அதன் வகுப்பையே அந்தக் கூடாரத்துக்குக் கூட்டிப் போவதாக டீச்சர் அறிவித்துவிட்டார்.

வீட்டம்மா மகளோடு கடைக்கு வந்தது. அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"பாய், ஒரு அங்கி தைக்கணும். வியாபாரி போடுற மாதிரி. நீலக் கம்பளி, கையில பட்டுப் பட்டி. படம் கொண்டு வந்திருக்கேன். கையாலயே தைங்க. ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாத மாதிரி தைங்க."

"சார் போடுவாரா?"

"ஒரு நாள். ஒரே ஒரு நாள். வருஷம் பூரா அடிமையா இருக்கட்டும், நான் கேக்கல. அன்னைக்கு வராதீங்கன்னும் சொல்ல முடியாது, அப்பா வருவாங்கன்னு இவ க்ளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா."

காவ்யா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது. கறுத்த பிள்ளை. அப்பா ஜாடை.

"தே வில் சே இட் டு மீ அங்கிள்" என்றது. "எவ்ரி டே."

வகுப்புப் பிள்ளைகள் காவ்யாவையும் அடிமை என்று கூப்பிடுவார்கள். தினமும். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த அங்கிக்கே கொடுத்தேன். நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டேன். மூணு வாரம். என் கையில் அதைப் போல் ஒரு தையல் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

அந்த மூணு வாரமும் அவரும் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாவிட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம். வியாபாரி ஒருத்தன் அங்கே வந்ததற்கு ஆதாரம் கிடைக்குமா என்று மகளுக்காகத் தேடினார். லைப்ரரியில் வேறு மாநிலத்துப் புத்தகம் வரவழைத்தார். அயர்லாந்தில் ஒரு பேராசிரியருக்கு ஈமெயில் எழுதினார். தினமும் கடைக்கு வந்து, "இன்னும் பதில் வரல பாய்" என்று சொல்லிவிட்டுப் போவார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

பதில் வந்த அன்றைக்கு அச்சடித்த தாளைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

"என்ன சார் எழுதியிருக்கு?"

"'இருக்கலாம்'னு எழுதியிருக்கார்."

"அப்ப சரிதானே சார்."

"இருக்கலாம்னா எல்லாமே இருக்கலாம் பாய்."

நான் அங்கியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உள்பக்கத்தைத் திருப்பினார். அக்குள், தோள், ஓரம், கழுத்து, எல்லா இடமும் விரலால் தடவிக்கொண்டே போனார். பூதக்கண்ணாடி எடுக்கவில்லை.

"ஒரு தப்பு இல்ல" என்றார்.

"பொண்ணு கேக்குது சார்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச வராது.

மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். குழந்தையைத் தூக்குவது போல இரு கையாலும் பிடித்திருந்தார். காருக்குப் போனார். போடுவார் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீட்டம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்க போய்ப் பாருங்க பாய்" என்று போனில் சொன்னது. கடையில் அரை நாள் கேட்டுக்கொண்டு போனேன்.

புல்வெளியைச் சுற்றி ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊர். இந்தப் பக்கம் நாங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு இடத்தில் திறந்து விட்டிருந்தார்கள். மற்ற யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது. நான் சீக்கிரமே போய்விட்டேன். பார்க்கிங்கில் அவர் கார் நின்றது. பின்சீட்டில் நீல அங்கி, மடிப்புக் கலையாமல். அவர் பன்றிப் பட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சாக்குச் சட்டை, கழுத்தில் இரும்பு.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பஸ் வந்தது. காவ்யா இறங்கி என்னைப் பார்த்து ஓடிவந்தது.

"வாட் இஸ் ஹி வேரிங் அங்கிள்?"

"தெரியலம்மா" என்றேன்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு தாள். கேள்விகள் அச்சடித்திருந்தது. ஊரில் இருக்கிற ஆட்களிடம் கேட்டு எழுத வேண்டும். உன் பேர் என்ன, உன் வேலை என்ன, என்ன சாப்பிடுவாய், உனக்குக் குடும்பம் இருக்கிறதா. உங்க அப்பா எங்கே என்று ஒரு பையன் கேட்டது எனக்குக் கேட்டது. காவ்யா பட்டிப் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு, அப்பாவுக்கு ஆபீசில் வேலை, வரவில்லை என்று சொன்னது.

கொல்லனிடம் போனார்கள். ரொட்டிக்காரியிடம் போனார்கள். அப்புறம் மூணு பிள்ளைகள் இவரிடம் வந்தன. காவ்யா பின்னால் வந்தது. வராமல் இருக்க முடியாது. நான் கயிற்றை ஒட்டி நின்றேன். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது.

ஒரு பிள்ளை கேட்டது. "உன் பேர் என்ன?"

"அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. இங்கே கறுத்தவன் என்று கூப்பிடுகிறார்கள்."

"உன் வேலை?"

"தண்ணீர். விறகு. பன்றி."

"என்ன சாப்பிடுவாய்?"

"மிச்சம் இருப்பதை."

நாலாவது கேள்வியைக் காவ்யா கேட்டது. தாளைப் பார்த்து வாசித்தது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"டு யூ ஹேவ் எ ஃபேமிலி?"

அவர் கையில் வாளி இருந்தது. சிவப்புத் தாடிக்காரரும் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். இருந்தது என்று சொல்லலாம். தூரத்தில் ஒரு மகள் இருக்கிறாள் என்று சொல்லலாம். எந்த அடிமைக்கும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். அதற்கு யார் ஆதாரம் கேட்கப் போகிறார்கள்? சொல்லுங்க சார் என்று நான் மனசுக்குள் சொன்னேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"அதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை" என்றார்.

காவ்யா கொஞ்ச நேரம் காத்திருந்தது. குனிந்து, தாளை முழங்காலில் வைத்து, 'இல்லை' என்று எழுதியது. "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளோடு நகர்ந்தது.

அவர் பன்றித் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றினார். பீப்பாயில் மொண்டு வந்து மறுபடி ஊற்றினார். தொட்டி நிறைந்துவிட்டது. மறுபடி ஊற்றினார். தண்ணீர் வழிந்து சேறாகி அவர் கால் வரைக்கும் வந்தது. பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் நிமிரவில்லை. மறுபடி மொண்டார்.

நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். என் மேலே பாலியஸ்டர் சட்டை. பிளாஸ்டிக் பட்டன். காலில் ரப்பர் ஷூ. கையில் வாட்ச். அவர் எதிரில் போய் நின்று வாளியைப் பிடித்தேன். என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். வெளியே போங்க என்று சொல்லவில்லை. வாளியை விட்டார்.